அப்பன்மாருக்கு ஒரு வகுப்பு

…அதைத்தான் கேக்கறேன் தம்பி, இப்படி ஒரு கூத்து எங்கயாவது உண்டா? அந்தச் சுவத்துல ஒட்டியிருக்கற நோட்டீஸைப் பாத்தியா? படிக்கத் தெரியாதா? சரி, அதனால என்ன, நான் படிக்கறேன். இருபத்தாறு வருஷமா கான்வென்ட்ல பாடம் நடத்தறவளுக்கு ஒரு நோட்டீஸ் படிக்கறது என்ன பெரிய காரியமா? கேட்டுக்கோ. 'வரும் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, தகப்பனார்களுக்கும் வீட்டிலுள்ள மற்ற ஆடவர்களுக்கும், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது, பால் புகட்டுவது, உறங்கவைப்பது ஆகியவற்றை டாக்டரம்மா நேரில் கற்றுக்கொடுப்பார்கள். ஆண்கள் தவறாமல் வரவும்.' தவறாமல் வரவும்! மயிலாப்பூர் ஆம்பளைங்க தவறாம வர்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான், சோத்துத் தட்டு. அதுக்கு யாரும் நோட்டீஸ் ஒட்ட வேண்டியதில்லை.

கொஞ்சம் நகந்து உக்காருப்பா, இது மூணு பேருக்குப் போட்ட பெஞ்சு, உன் பொண்ணோட காலே ஒரு ஆள் இடத்தை எடுத்துக்குது. உன் பேரென்ன? வேலுவா? புள்ளைங்களுக்கு எடை போடற நாளு, எல்லாரும் பொம்பளைங்களா வந்திருக்காங்க, நீ ஒருத்தன்தான் மீசையோட உக்காந்திருக்கே, கூச்சமா இல்ல? சம்சாரம் எங்க?… ஓகோ, தியாகராயநகர்ல சித்தாளா? அங்கதான் தினம் ஒரு வீடு மொளைக்குதே. அப்ப நீ?… தண்ணித்துறை மார்க்கெட்ல மூட்டை எறக்கறே. ஒம்பது மணிக்கு வேலை முடிஞ்சுடும், அப்புறம் அவ வர்ற வரைக்கும் புள்ளை உன்கிட்ட. அதானே பாத்தேன்! நீ தோள்ல போட்டிருக்கற லட்சணத்தைப் பாத்தாலே தெரியுதே, கத்திரிக்கா மூட்டை மாதிரி! கழுத்துக்குக் கை குடுக்கணும்ப்பா, கழுத்துக்கு. குடு இப்படி, நான் காட்டறேன். எங்க வீட்டுப் புள்ளை விக்டர் மடியில தூங்கறான், பரவாயில்லை, எனக்கு இன்னொரு கை இருக்கு. இதோ பாரு, இப்படி… இப்படி… ஐயய்யோ! ஏன் இப்படிக் கத்துது? நான் என்ன கிள்ளினேனா? இந்தா, நீயே வச்சுக்கோ.

நின்னுடுச்சே! அழுத்தக்காரி. மூட்டை மாதிரி தூக்கினாத்தான் புடிக்குது போல இருக்கு.

ஆம்பளைங்க புள்ளை வளக்கறதைப் பத்தி எனக்குச் சொல்லாதே தம்பி. சொல்லலையா? சரி, சொல்லாதே. எங்கப்பா ராஜநாயகம் தபாலாபீஸ்ல இருந்தாரு. ஆயிரம் காகிதத்தை விலாசம் பாத்துப் பிரிப்பாரு, ஒண்ணு தப்பாது. எங்கம்மா என் தம்பி லியோனார்டைப் பெத்துப்போட்டுட்டுப் போய்ச் சேந்துட்டாங்க. எனக்கு அப்ப பதினேழு வயசு. புள்ளைக்கு மூணு மாசம் இருக்கறப்ப சாந்தோம் கோயில்ல திருவிழா. கூட்டம்னா அப்படிக் கூட்டம். கைக்குழந்தைங்களை எல்லாம் பக்கத்துத் தாழ்வாரத்துல ஒரே பாயில வரிசையா படுக்கவச்சு, ஒரு சிஸ்டர் காவலுக்கு உக்காந்திருந்தாங்க. பூசை முடிஞ்சது, நான் பாட்டுக் குழுவுல இருந்ததால உடனே கெளம்ப முடியலை. 'அப்பா, தம்பியைத் தூக்கிக்கிட்டு நீங்க முன்னால போங்க'ன்னேன். போனாரு. நான் பின்னாலயே வீட்டுக்குப் போய் ஈரத்துணியை அவுக்கறேன்… சேசு மரி சூசையே! பொட்டப்புள்ளை!

சிரிக்காதே. ரெண்டு புள்ளைக்கும் வெள்ளைக் குல்லாவாம். இவரு குல்லாவைப் பாத்தாரே ஒழிய, குல்லாவுக்குக் கீழ இருக்கற மூஞ்சியைப் பாக்கலை. நான் அந்தப் பொண்ணைத் தூக்கிக்கிட்டுக் கச்சேரி ரோடு வழியா ஓடறேன், எதிர்த்தாப்பல ஒரு பொம்பளை என் தம்பியைத் தூக்கிக்கிட்டு மாரடிச்சுக்கிட்டு ஓடியாறா. நடுரோட்டுல நின்னு ரெண்டு பேரும் புள்ளையை மாத்திக்கிட்டோம். ஒரு ஜட்காக்காரன் வண்டியை நிறுத்திட்டு, இது ஏதோ வியாபாரம்னு வேடிக்கை பாக்கறான்!

அன்னிக்கே சொல்லிட்டேன், 'நீங்க இனிமே புள்ளையைத் தொடவே வேணாம்'னு. அவரும் அப்புறம் நாலஞ்சு தடவை வந்து நின்னாரு. 'குடு வெரோனிகா, செத்த நேரம் வச்சிருக்கேன், நீ கஞ்சியாவது குடி'ன்னாரு. விட்டேனா? அப்புறம் அவரு கேக்கறதையே விட்டுட்டாரு. பாத்தியா, இவங்க அக்கறை அவ்வளவுதான்! நாலு தடவை வேணாம்னு சொன்னா அஞ்சாந்தடவை பேப்பரைப் பிரிச்சுக்கிட்டு உக்காந்துடறாங்க. பதினேழு வயசுல தூக்கின புள்ளையை, அவன் வேலைக்குப் போற வரைக்கும் எறக்கவே இல்லை நான். நடுவுல கல்யாணம் பண்ணிக்கறதுக்கு எனக்கு நேரம் எங்க இருந்துச்சு?

அந்த லியோனார்டோட புள்ளைதான் இந்த விக்டர். அஞ்சு மாசம். நான் இவனுக்கு அத்தை. இவங்கம்மா ஐரினுக்கு வயித்துல ஆபரேஷன் ஆகி, ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில படுத்திருக்கா, ரெண்டு மாசமாகுது. பொழைச்சுட்டா, மாதா புண்ணியம். ஆனா இன்னும் ஒரு மாசமாவது அங்க இருக்கணும், புள்ளையை அந்த வார்டுக்குள்ள விடமாட்டாங்க. நான் சம்பளமில்லாத லீவு போட்டுட்டு இவனைப் பாத்துக்கறேன். நல்ல பசும்பால், அளவா தண்ணி, கொதிக்கவச்சு, ஆறவச்சு, பாலாடையில எடுத்துக் குடுக்கறேன். நாக்கால தள்ளறான்! பாதி என் புடவையில, பாதி இவன் கழுத்துல. மூஞ்சியைத் திருப்பிக்கறான், என்னமோ நான் வேப்பெண்ணெய் குடுக்கற மாதிரி. நான் வளத்த லியோனார்டு இப்படியா பண்ணினான்? மடக்கு மடக்குன்னு குடிப்பான்.

இப்ப அந்த லியோனார்டு பண்ணின வேலையைக் கேளு. முப்பது வயசாகப் போகுது, பீச்சுப் பக்கம் ஒரு கம்பெனியில டைப்பிஸ்டு. யுத்தத்தப்ப ஏ.ஆர்.பி.யில சேந்து, தகரத் தொப்பி போட்டுக்கிட்டு, ஜப்பான்காரன் குண்டு போட்டா ஊரைக் காப்பாத்தறேன்னு தெருத்தெருவா விசில் ஊதினவன். அவ்வளவு வீரன். ஒரு நாள் நான் காலைப் பூசைக்குப் போயிட்டுத் திரும்பி வர்றேன், வீட்டுல சத்தமே இல்லை. என்னடா இது, புள்ளை அழுவலையேன்னு எட்டிப் பாக்கறேன். பேன்ட்டு சட்டை மேல ஐரினோட ஊதாப் புடவையைச் சுத்திக்கிட்டு நிக்கறான் எங்க வீரன்! ஆமாப்பா, அவ ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் கட்டி அவுத்துப் போட்ட புடவை. முந்தானையைப் புள்ளையோட தலைமேல போட்டு மூடி, உள்ள பாலாடையை வச்சுக் குடுத்துக்கிட்டு, இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டு… மடக்கு மடக்குன்னு சத்தம் கேக்குது! பூரா பாலும் காலி.

எனக்குச் சிரிப்பு தாங்கலை. 'என்னடா வேஷம் இது'ன்னேன். 'அவ வாசனை இருக்குதுக்கா, அதான் குடிக்கறான்'ன்னான். வாசனையாம்! பேன்ட்டு மேல புடவை கட்டின ஆம்பளையை நீ எங்கயாவது கூத்துல பாத்திருப்பே, வீட்டுல பாத்திருக்கியா? ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் இதே வேஷம். அந்த வாரம் எடை ஏறுச்சு, அது வேற விஷயம். மனசுல வச்சுக்க முடியுதா இதையெல்லாம்? சாயங்காலம் ஜெபமாலை முடிஞ்சதும் மாதா சபையில ஆலிஸ் கிட்ட மட்டும் சொன்னேன். மட்டும்தான். ஆலிஸ் யார் யாருக்குச் சொன்னாளோ எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வர்றோம், கோயில் வாசல்ல நாலு வாலிபப் பசங்க, 'என்ன லியோனம்மா, புள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?'ங்கறானுங்க. பொம்பளைங்க எல்லாம் முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. நானும்தான் சிரிச்சேன், பொய் சொல்லக் கூடாது.

அவன் வீட்டுக்கு வந்தான், புள்ளையை என் கையில குடுத்தான், புடவையை அழகா நாலா மடிச்சுக் கட்டில்மேல வச்சான். அதோட சரி. மூணு வாரமாச்சு, புள்ளையைத் தொடறதில்லை. ஆபீசு, ஆபீசு விட்டா ஐரினைப் பாக்க ஆஸ்பத்திரி, வந்தா ஒரு மூலை. இதான் ஆம்பளைங்க! ஊருல நாலு பேர் சிரிச்சா பெத்த புள்ளையை விட்டுடுவாங்க. நாங்க விடுவோமா? எங்களைப் பாத்துச் சிரிக்காத நாளு எது? சிரிச்சது நான்தானேங்கறியா? அது எனக்குத் தெரியாதா, நீ எடுத்துக் குடுக்கணுமா? நான் அக்கா. அக்கா சிரிக்கறதும் ஊர் சிரிக்கறதும் ஒண்ணா?

இரு, கோவிச்சுக்காதே. நான் இப்ப எதுக்கு வந்திருக்கேன்னு சொல்றேன். நேத்து அவன் சட்டையைத் தொவைக்கறதுக்கு முன்னால பாக்கெட்டைத் தடவிப் பாத்தா, இந்தச் சீட்டு. 'லியோனார்டு, சனிக்கிழமை வகுப்பு, நாலாம் நம்பர்.' பாத்தியா கதையை? ஆபீசு போற வழியில எனக்குத் தெரியாம இங்க வந்து பேர் குடுத்துட்டுப் போயிருக்கான்! அக்கான்னு ஒருத்தி எதுக்கு இருக்கேன்? புள்ளை வளக்கறதை டாக்டரம்மாகிட்ட கத்துக்கணுமாம், அவனையே வளத்த என்கிட்ட கேக்கக் கூடாதாம். அதான் காலையிலயே வந்து, வாசல்ல நின்ன நர்சம்மாகிட்ட சொல்லிட்டேன், 'அந்த நாலாம் நம்பர் பேரை அடிச்சுடுங்க'ன்னு. 'எடை போடற முறை வரட்டும், அப்ப வந்து அடிச்சுக் குடுக்கறேன்'னாங்க. ஏற்கெனவே ஒரு தடவை ஊர் சிரிச்சாச்சு. இன்னும் பத்துப் பேர் முன்னால பொம்மையைத் தொட்டியில போட்டுக் குளிப்பாட்டினா, அந்தக் கோயில் வாசல் பக்கம் தலைகாட்ட முடியுமா?

அவனுக்காகத்தான் சொல்றேன். எனக்கென்ன வந்தது?

என்ன அப்படிப் பாக்கறே விக்டரை? ஒல்லியாத்தான் இருக்கான். எனக்கும் கண்ணு இருக்கு. பதினோரு பவுண்டு இருந்தான், ஒரு வாரத்துல பத்து பவுண்டு பத்து அவுன்ஸ் ஆச்சு, போன வாரம் பத்து ஆறு. பவுண்டும் அவுன்ஸும் எனக்குச் சொல்லிக்குடுக்கறாங்க இந்த நர்சம்மா. 'இந்த வாரமும் எறங்கினா, புள்ளையைத் தூத்துக்குடிக்கு அனுப்பிடறதுதான் நல்லது'ங்கறாங்க. அங்க ஐரினோட தங்கச்சி புள்ளை பெத்திருக்கா, தாய்ப்பால் இருக்கு, இவனுக்கும் குடுப்பாளாம். நல்ல யோசனைதான். ஒரு ராத்திரி முழுக்க ரயில்ல போகணும். ஐரின் ஆஸ்பத்திரியிலேருந்து எழுந்து வர்றப்ப வீட்டுல தொட்டில் மட்டும் இருக்கும். ரெண்டு மாசமா புள்ளை மூஞ்சியைப் பாக்காதவ… 'அக்கா இருக்காங்க, எனக்குப் பயமில்லை'ன்னு சொல்லிட்டுத்தான் ஸ்ட்ரெச்சர்ல ஏறினா. அவகிட்ட நான் என்னன்னு சொல்றது? அந்தத் தொட்டிலைக் காட்டி என்னன்னு சொல்றது?

இல்லப்பா, அழுவலை. கண்ணாடி வேர்க்குது. இந்த மாசத்துல மெட்ராஸ்ல எல்லாருக்கும் வேர்க்கும்.

அந்தப் புடவையை நானே சுத்திக்கிட்டு ஏன் குடுக்கலைங்கறியா? குடுக்காமலா இருப்பேன்! கதவைச் சாத்திக்கிட்டுக் குடுத்துப் பாத்தேன், போதுமா? நீ யாருக்கும் சொல்லாதே. குடிக்கலை. ஏன் குடிக்கலைன்னா… ஏன்னா… அதை எதுக்குக் கேக்கறே? புடவை ஒரு வாரமா பால் கறையோட கெடந்துது. கட்டில்மேல அழுக்குத் துணி கெடந்தா என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. இருபத்தாறு வருஷமா, ஒரு பொண்ணு நகத்துல அழுக்கோட வந்தா கிளாஸுக்கு வெளிய நிறுத்தறவ நான். அவன் மடிச்சு வச்ச மறுநாளே சவுக்காரம் போட்டு, வெந்நீர்ல ஊறவச்சு, நாலு தண்ணியில அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டுக் காயவச்சேன். பளபளன்னு இருந்துது. கடையில எடுத்த புதுசு மாதிரி.

சாயங்காலம் அவன் ஆபீசு விட்டு வந்தான். கொடியில பாத்தான். கிட்டப் போனான். ஒரு முனையை எடுத்து மூக்குகிட்ட வச்சான்… திரும்பி என்னைப் பாத்தான். திட்டியிருந்தா பரவாயில்லை தம்பி, நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், முடிஞ்சிருக்கும். 'ரொம்ப சுத்தமா இருக்குதுக்கா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டான்.

அது தொவைக்கிற துணிதானே! தொவைச்சது ஒரு குத்தமா? யார்கிட்டயாவது கேட்டுப் பாரு!

என்ன முணுமுணுக்கறே? சத்தமா சொல்லு. 'பொடவ போனா இன்னாம்மா, அப்பன்காரரு கீறாரில்ல'… இது ஒரு பேச்சா? புடவைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? புள்ளை குடிச்சது ஐரின் வாசனைக்குன்னு அவன் வாயாலயே சொன்னான். நீ மார்க்கெட்ல மூட்டை எறக்கறவன், உனக்கென்ன தெரியும்? 'ஒரு வாரம் அவர் கையால குடிச்சிக்கினு இருந்த கொயந்த, இப்ப அவரத்தான் தேடுது'ங்கறே. எப்படித் தெரியும் உனக்கு? உன் பொண்ணுக்கு எந்தப் புடவையைக் கட்டினே? ஒண்ணும் கட்டலையா? இந்த வேர்வைச் சட்டையோடவா? இந்த வெங்காய நாத்தத்தோடவா குடிக்குது?

இரு, உன்னைக் கூப்பிடறாங்க. போ, போய்த் தராசுல போடு. எத்தனை?… பன்னெண்டே முக்காலா? நாலு மாசத்துக்கா? இன்னொரு தடவை போடச் சொல்லுப்பா, அந்தத் தராசு சரியில்லை… அவங்க சிரிக்கறதைப் பாரு. சரி, சரி, பன்னெண்டே முக்கால்தான். வெங்காயத்துக்கு அவ்வளவு சத்து இருக்குன்னு எனக்குத் தெரியாது.

எங்க கெளம்பிட்டே? நான் இன்னும் முடிக்கலையே! சோறு வடிக்கணுமா? நீயா? தம்பி, ஒரு நிமிஷம், வேலு! ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. உன் பொண்ணு முதல்ல உன்கிட்டக் குடிக்காதப்ப உன் சம்சாரம் என்ன பண்ணினா? சிரிச்சாளா?… போயிட்டான். வாசல் தாண்டிட்டான். பதில் சொல்ற மரியாதைகூட கிடையாது இந்த ஆம்பளைங்களுக்கு.

இதோ வந்துட்டேன் நர்சம்மா, விக்டர்தான். மெதுவா, தூங்கறான். ம்… பத்து ரெண்டு. தெரியும். அப்படிப் பாக்காதீங்க, எனக்கும் முள்ளு பாக்கத் தெரியும். தூத்துக்குடிக்குத்தானே எழுதப் போறீங்க? எழுதாதீங்க. எழுதாதீங்கன்னு சொல்றேன், பேனாவைக் கீழ வைங்க. அடுத்த வாரம் ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு அப்புறம் எழுதுங்க, நான் தடுக்கலை. அந்த இன்னொரு நோட்டை எடுங்க, சனிக்கிழமை நோட்டு. நாலாம் நம்பர். ஆமா, அதான். அடிக்கறதா? எதுக்கு அடிக்கணும்? காலையில நானா சொன்னேன்? சொல்லியிருப்பேன். காலையில சொன்னதையெல்லாம் நீங்க செய்வீங்களா?

இந்தாங்க அவன் சீட்டு. இது என் கைக்கு வந்துடுச்சுன்னு தெரிஞ்சா அவன் வரமாட்டான். என்னைத் தெரிஞ்சவன் யாரும் வரமாட்டான். அதனால புதுசா ஒரு சீட்டு எழுதி, அவன் ஆபீசு விலாசத்துக்குத் தபால்ல போடுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. 'குழந்தையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வரவும்.' எழுதிட்டீங்களா? கீழ இன்னொரு வரி. 'வீட்டிலுள்ள பெண்கள் எவரும் உடன் வரக்கூடாது.' அது போதாது. 'முக்கியமாக மூத்த சகோதரி'ன்னு போடுங்க. சிரிக்காதீங்க நர்சம்மா, நான் வேடிக்கைக்குச் சொல்லலை. நீங்க இந்த வகுப்பு நடத்தறது பைத்தியக்காரத்தனம்னுதான் இப்பவும் சொல்றேன், நாளைக்கும் சொல்லுவேன். எழுதுங்க.

அடியில கோடு போடுங்க. ரெண்டு கோடு. கையால இழுக்காதீங்க, ஸ்கேல் இருந்தா வச்சு அழுத்திப் போடுங்க. சனிக்கிழமை மூணு மணிக்கு அவன் இவனைத் தூக்கிக்கிட்டுப் படி எறங்கறப்ப, கழுத்துக்குக் கை குடுடான்னு என் வாய் தொறக்கும். அப்ப அந்தக் கோடு என் கண்ணு முன்னால வந்து நிக்கணும்.